40,000 பேர் உள்ள நாடு ஐ.நா.வில் எதைக் கேட்கும்?

கேள்வி — ஆகஸ்ட் 2, 2025

பாதுகாப்புச் சபையில் யாராவது வீட்டோ (ஒற்றை வாக்கால் தீர்மானத்தைத் தடுக்கும் உரிமை) போட்டால் பொதுச்சபை உடனே கூட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதாம். கொண்டுவந்தது லிக்டன்ஸ்டைனாம். ராணுவம் இல்லை, விமான நிலையம் இல்லை, நாணயம்கூட சுவிஸ் பிராங்க். இந்த நாட்டுக்கு இந்த வேலை எதற்கு? வங்கிப் பணத்தின் மேல் அடிக்கிற வெள்ளை என்பது என் கட்சி. எல்லை தாண்டி அங்கே வேலைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 2, இரவு

நான் போகிறவன்தான். வீடு ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், சுவிஸின் சென்ட் காலன் மாநிலத்தில், வேலை லிக்டன்ஸ்டைனின் ஷான் ஊரில். பாலத்தில் சோதனைச் சாவடி எதுவும் கிடையாது. வண்டிகளின் எண்பலகை கறுப்பாக மாறினால் நாடு மாறிவிட்டது என்று அர்த்தம். அங்கே வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் என்னைப் போலக் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள்.

விதி உண்மை. 2022 ஏப்ரல் 26 அன்று வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறிய பொதுச்சபைத் தீர்மானம், எண் 76/262. ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் யார் வீட்டோ போட்டாலும் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபைத் தலைவர் கூட்டம் கூட்ட வேண்டும். யாரும் மனுப் போட வேண்டியதில்லை, யாரும் ஆதரவு திரட்ட வேண்டியதில்லை. வீட்டோ போட்டவருக்கே முதலில் பேசும் இடம். வந்து காரணம் சொல் என்பதுதான் விஷயம். 83 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்தன. வீட்டோ கையில் வைத்திருக்கும் அமெரிக்காவும் அதில் ஒன்று.

வங்கி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அதை ஒரே வரியில் தள்ளிவிட முடியாது.

ஆகஸ்ட் 3

"சுவிஸ் சொல்கிறதை இவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். 1923-இல் செய்த சுங்க ஒப்பந்தம், சுவிஸ் நாணயம், பல நாடுகளில் சுவிஸ் தூதரகமே இவர்களையும் கவனித்துக்கொள்வது, எல்லாம் சரி. ஆனால் லிக்டன்ஸ்டைன் ஐ.நா.வில் சேர்ந்தது 1990. சுவிஸ் சேர்ந்தது 2002. அதற்கு முன்னால் 1986-இல் சுவிஸ் மக்கள் வேண்டாம் என்று வாக்களித்திருந்தார்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி விஷயம் இன்னும் வேடிக்கை. 1992 டிசம்பர் 6 அன்று சுவிஸ் "வேண்டாம்" என்றது. ஒரே வாரம் கழித்து 13-ஆம் தேதி லிக்டன்ஸ்டைன் "வேண்டும்" என்றது. அண்ணன் வீட்டுச் சுங்கத்தோடும் இருக்க வேண்டும், ஐரோப்பியச் சந்தையிலும் இருக்க வேண்டும். சுங்க ஒப்பந்தத்தைத் திருத்தி, 1995-இல் மறுபடி வாக்கெடுத்து, இரண்டிலும் உட்கார்ந்துவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களை வால் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 3, சற்று நேரம் கழித்து

ராணுவம் பற்றிக் கேட்டவருக்கு: 1868-இல் கலைத்துவிட்டார்கள். 1866 போருக்கு 80 பேர் போய் 81 பேராகத் திரும்பினார்கள், வழியில் ஒரு நண்பன் சேர்ந்துகொண்டான் என்பது அங்கே எல்லோரும் சொல்கிற கதை. எவ்வளவு தூரம் நிஜமோ, சொல்லும்போது முகத்தில் சிரிப்பே இருக்காது.

2007-இல் 170 பேர் கொண்ட சுவிஸ் படைப்பிரிவு ஒன்று இரவுப் பயிற்சியில் வழி தவறி லிக்டன்ஸ்டைனுக்குள் நுழைந்துவிட்டது. சுவிஸ் தகவல் சொல்லும்வரை அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. அதுதான் அண்மைக் காலத்துப் படையெடுப்பு.

ஆகஸ்ட் 5

சிரித்தது போதும். ராணுவம் இல்லாததற்கு அவர்கள் ஒருமுறை நிஜமாகவே விலை கொடுத்திருக்கிறார்கள். 1920-இல் ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் சேர விண்ணப்பித்தபோது தள்ளிவிட்டார்கள். பரப்பு சிறியது, மக்கள் குறைவு, அரசுக்குரிய சில வேலைகளை மற்றவர்களிடம் ஒப்படைத்திருக்கிறாய், படையும் இல்லை என்று காரணம் சொன்னார்கள். நீ ஒரு நாடுதானா என்று சபையில் வைத்துக் கேட்ட மாதிரி. அதன் பிறகு ஒவ்வொரு அவையிலும் பெயரைப் பதிவதே பெரிய வெளியுறவு வேலையாக இருந்திருக்கிறது: 1975-இல் ஐரோப்பியப் பாதுகாப்பு குறித்த ஹெல்சிங்கி இறுதி ஆவணத்தில் கையெழுத்து, 1978-இல் ஐரோப்பிய மன்றம், 1990-இல் ஐ.நா. "முன்னுரிமைகள்" என்று இன்று அவர்கள் போடும் பட்டியலுக்கு அடியில் இந்தப் பழைய காயம் இருக்கிறது என்பது என் ஊகம்.

ஆகஸ்ட் 6

நேற்றையதற்கு ஒரு சேர்ப்பு. ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு லிக்டன்ஸ்டைன் இரண்டு முறை போயிருக்கிறது. சட்டம் படித்தவர்களுக்கு நோட்டபோம் வழக்கு தெரிந்திருக்கும். குவாத்தமாலாவில் பல காலம் இருந்த ஜெர்மன்காரர் 1939-இல் அவசரமாக லிக்டன்ஸ்டைன் குடியுரிமை வாங்கினார். அவருக்காக நாடே வழக்காடியது. அவருக்கும் உனக்கும் உண்மையான தொடர்பு இல்லை என்று 1955-இல் தள்ளுபடி. அடுத்து ஜெர்மனி மீது சொத்து வழக்கு. 2005-இல் எங்களுக்கு விசாரிக்க அதிகாரம் இல்லை என்று அதுவும் போனது. இரண்டிலும் தோல்வி. அப்படியிருந்தும் 2020-இல் செக் குடியரசு மீது ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

இந்தச் சொத்து விவகாரம் இளவரசர் குடும்பத்தினுடையது. 1945-இல் செக்கோஸ்லோவாக்கியா பறிமுதல் செய்த நிலம், நாட்டின் பரப்பைவிடப் பல மடங்கு. அதனால் இரு நாடுகளும் ஒன்றையொன்று முறைப்படி அங்கீகரிக்கவே 2009 ஆனது. ஆகவே "சர்வதேசச் சட்டம் எங்கள் உயிர்" என்று தலைநகர் வாடுஸில் சொல்லும்போது அதற்குள் கொஞ்சம் பட்டாவும் இருக்கிறது.

ஆகஸ்ட் 8

கேட்ட கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இதை நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 தீர்மானம் திடீரென்று முளைத்ததல்ல. கோஸ்டா ரிக்கா, ஜோர்டான், லிக்டன்ஸ்டைன், சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து என்று ஐந்து சிறிய நாடுகள் ஒரு குழுவாக இருந்தன. பாதுகாப்புச் சபை வேலை செய்யும் முறையைத் திருத்தச் சொல்லி 2012 மே மாதம் பொதுச்சபையில் ஒரு வரைவு வைத்தார்கள். இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றில் வீட்டோ போடாதீர்கள் என்ற வேண்டுகோளும் அதில் இருந்தது. ஐந்து பெரியவர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். ஒருவரோடொருவர் எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். ஐ.நா.வின் சட்டப் பிரிவோ, இதற்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று கருத்துச் சொல்லிவிட்டது. மே 16 அன்று வாக்கெடுப்புக்கு விடாமலே திரும்பப் பெற்றார்கள்.

இப்போது 2022 வரைவை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதுகாப்புச் சபை எப்படி நடக்க வேண்டும் என்று அதில் கட்டளை எதுவும் இல்லை. ஒரு சிறப்பு அறிக்கை அனுப்புங்கள் என்ற அழைப்பு மட்டும்தான். மற்றதெல்லாம் பொதுச்சபை தன் கூட்டத்தைத் தானே எப்போது கூட்டிக்கொள்ளும் என்பது. தன் வீட்டில் எப்போது கூடுவது என்று பொதுச்சபை முடிவெடுப்பதை எந்தச் சட்டப் பிரிவு தடுக்கும்? இடையில், 2015-இல், படுகொலைகளைத் தடுக்கும் நம்பகமான வரைவுக்கு எதிராக வாக்களிக்க மாட்டோம் என்ற நடத்தை விதியில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பிரிட்டனும் பிரான்சும்கூடப் போட்டன. உக்ரைன் போர் தொடங்கி, ரஷ்யா தன் மீதான வரைவைத் தானே வீட்டோ போட்டுத் தள்ளிய சில வாரங்களில் இந்தத் தீர்மானம் வெளியே வந்தது. நேரம் பார்த்து எடுத்தார்கள்.

இந்தப் பொறுமைக்கு ஒரு காரணம் ஆள் மாறாதது. கிறிஸ்டியான் வேனவேசர் 2002 முதல் நியூயார்க்கில் லிக்டன்ஸ்டைனின் தூதர். பெரிய நாட்டுத் தூதர்கள் மூன்று நான்கு வருடத்தில் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். இவர் 2012-இல் தோற்ற அறையில் 2022-இலும் உட்கார்ந்திருந்தார். போன தடவை எந்த வரியில் வழுக்கியது என்பது கோப்பைப் புரட்டாமலே தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 8, நள்ளிரவு

"சரி, பயன் என்ன? வீட்டோ நின்றுவிட்டதா?"

நிற்கவில்லை. 2022 மே 26 அன்று வட கொரியா வரைவை ரஷ்யாவும் சீனாவும் வெட்டின. ஜூன் 8 அன்று இரண்டும் பொதுச்சபையில் ஏறி விளக்கம் சொன்னன. புதிய விதியின் முதல் கூட்டம் அது. 2024 மார்ச்சில், வட கொரியத் தடைகளைக் கண்காணித்த நிபுணர் குழுவையே ரஷ்யா ஒரு வீட்டோவில் முடித்தது. விளக்கக் கூட்டம் நடந்தது, குழு திரும்பி வரவில்லை. காசா விஷயத்தில் அமெரிக்கா திரும்பத் திரும்பப் போட்டது, 2025 ஜூன் 4 அன்றும் போட்டது. அமெரிக்கா முன்மொழிந்தவர்களில் ஒன்று என்று மேலே எழுதினேன் அல்லவா, அதையும் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

வீட்டோ குறையும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் பொதுச்சபைக்குப் பழக்கம் வந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் பாலஸ்தீன உறுப்புரிமையை அமெரிக்கா வெட்டியது. மே 10 அன்று 143 வாக்கில் பொதுச்சபை பாலஸ்தீனத்துக்குக் கூடுதல் உரிமைகள் கொடுத்தது. உறுப்புரிமை இல்லைதான். இருந்தாலும் கதவைச் சாத்தியவரிடம் சாவி மட்டும்தான் மிஞ்சுகிறது, பேச்சு வெளியே நடக்கிறது.

ஆகஸ்ட் 10

ஜெனீவாவில் நம் ஆட்கள் மனித உரிமை மன்றத்தின் ஒவ்வொரு அமர்வுக்கும் ஐ.நா. வாசலில், அந்த மூன்றரைக் கால் நாற்காலிச் சிலைக்கு அடியில் நிற்கிறோம். நானும் நின்றிருக்கிறேன், மார்ச் குளிரில் கையில் பதாகை விறைத்துப்போகும். ஆகவே "2009-இல் இந்த விதி இருந்திருந்தால்?" என்று டொராண்டோ நண்பர் கேட்பது புரிகிறது.

எதுவும் மாறியிருக்காது. 2009-இல் இலங்கை விஷயம் பாதுகாப்புச் சபையின் நிகழ்ச்சி நிரலிலேயே ஏறவில்லை. முறைசாராச் சந்திப்பு என்று பேசிக் கலைந்தார்கள். வரைவு இல்லை, வாக்கு இல்லை, அதனால் வீட்டோவும் இல்லை. பெரியவர் ஒருவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்ததும் வரைவே எழுதாமல் விடுவதை இந்தத் தீர்மானம் தொடவே இல்லை. யாரும் கையை உயர்த்தாத வீட்டோ அது. லிக்டன்ஸ்டைன் வைத்தியத்தின் பெரிய ஓட்டை இதுதான், அவர்களைப் பாராட்டுகிற கட்டுரைகளில் இதைப் பார்ப்பது அரிது.

நமக்கு உண்மையில் நெருக்கமானது அவர்களின் வேறொரு வேலை. சிரியாவை சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பும் வரைவை 2014 மே மாதம் ரஷ்யாவும் சீனாவும் வெட்டின. நீதிமன்றம் இல்லையா, சரி, நாளைக்கு ஒரு நீதிமன்றம் வந்தால் சான்று வேண்டாமா என்று 2016 டிசம்பர் 21 அன்று லிக்டன்ஸ்டைனும் கத்தாரும் பொதுச்சபையில் ஒரு வரைவு கொண்டுவந்தன. 105 ஆதரவு, 15 எதிர்ப்பு, 52 நடுநிலை. வழக்குத் தொடராது, தண்டிக்காது. சான்றுகளைத் திரட்டி, வகைப்படுத்தி, மனித உரிமைத் தரத்தை மதிக்கும் நாட்டு நீதிமன்றங்கள் கேட்டால் கொடுக்கும் ஓர் அலுவலகம், ஜெனீவாவில். பொதுச்சபைக்கு இந்த அதிகாரமே கிடையாது என்று ரஷ்யா சண்டை போட்டது. முதலில் நன்கொடையில் ஓடியது, 2020 முதல் ஐ.நா.வின் வழக்கமான வரவுசெலவில் சேர்ந்தது.

2018-இல் மியான்மருக்கு இதே பாணியில் ஓர் அமைப்பு. 2021 மார்ச்சில் இலங்கை குறித்த 46/1 தீர்மானம் மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்துக்குச் சான்று திரட்டிப் பாதுகாக்கும் வேலையைக் கொடுத்தது. 22 ஆதரவு, 11 எதிர்ப்பு, 14 நடுநிலை. இந்தியா நடுநிலை. அது தனி அமைப்பு அல்ல, அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சிறு பிரிவு. சிரியாவுக்குக் கிடைத்த பலம் அதற்கு இல்லை. ஆனால் தீர்ப்புக்குக் காத்திராமல் சான்றைக் காப்பாற்று என்ற யோசனை ஒன்றேதான்.

ஆகஸ்ட் 11

இல்லை, "லிக்டன்ஸ்டைன்தான் நமக்கு வழி காட்டியது" என்று அதைப் படிக்கக் கூடாது. 46/1-ஐ முன்னால் நின்று நடத்தியது பிரிட்டன் தலைமையிலான குழு. மேலும் பாதி உழைப்பு, பெயர் எந்தத் தீர்மானத்திலும் வராமல் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தவர்களுடையது.

ஆகஸ்ட் 13

வங்கி. ஒத்திப்போட்டதற்கு வட்டியோடு எழுதுகிறேன்.

2008 பிப்ரவரியில் ஜெர்மனியில் வரி ஏய்ப்புச் சோதனைகள். லிக்டன்ஸ்டைன் வங்கி ஒன்றின் வாடிக்கையாளர் விவரம் உள்ள வட்டை ஜெர்மன் உளவுத்துறை காசு கொடுத்து வாங்கியிருந்தது. 2009 மார்ச்சில் வாடுஸ் இறங்கி வந்து, வரித் தகவல் பரிமாற்றத் தரத்தை ஏற்பதாக அறிவித்தது. இந்த வரிசையைப் பார்த்தால் "வெள்ளை அடிப்பு" என்று கேள்வியாளர் சொன்னது பொருந்துகிற மாதிரித்தான் இருக்கும்.

காலத்தைக் கவனித்தால் பொருந்தாது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சட்டத்தில் அவர்கள் சேர்ந்தது 2001. ஆக்கிரமிப்புப் போரைக் குற்றமாக வரையறுக்கும் பேச்சுகளுக்கு வேனவேசர் தலைமை தாங்கியதும் வட்டு விற்பனைக்கு முன்பே. 2010-இல் உகாண்டாவின் கம்பாலாவில் அந்த வரையறை நள்ளிரவு தாண்டி நிறைவேறியபோது சுத்தியலைத் தட்டியது அவர்தான். 2012 மே மாதம் அதை முதலில் உறுதிப்படுத்தியதும் லிக்டன்ஸ்டைன். படையே இல்லாத நாட்டுக்கு, படையெடுப்பதைக் குற்றமாக்குவதைவிடச் சொந்த நலன் வேறு என்ன? வங்கி இல்லாமலிருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார்கள்.

ஆனால் 2018-இல் தொடங்கிய இன்னொரு முயற்சி உண்டு. நவீன அடிமைத்தனத்துக்கும் ஆள்கடத்தலுக்கும் எதிராக வங்கித் துறையை இறக்குவது, மீண்டு வந்தவர்களுக்கு வங்கிக் கணக்குத் திறக்க உதவுவது. நல்ல வேலை. அதே சமயம், எங்கள் வங்கிக்காரர்களைப் பாருங்கள் என்று காட்டவும் உதவும். இதில் கேள்வியாளருக்குப் பாதி மதிப்பெண் தருகிறேன். சர்வதேச நாணய நிதியத்தில் சேர 2024 அக்டோபர்வரை காத்திருந்ததும், அதற்கும் முந்தைய மாதம் மக்கள் வாக்கு தேவைப்பட்டதும் வேறு கதையைச் சொல்கின்றன: வெளியுறவில் வீட்டுக்காரர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதில்லை.

ஆகஸ்ட் 16

நேற்று அவர்களின் தேசிய நாள். வாடுஸ் கோட்டைக்குப் பக்கத்துப் புல்வெளியில் இளவரசர் வீட்டின் உரை, அப்புறம் கோட்டைத் தோட்டத்தில் எல்லோருக்கும் குடிக்க, கொறிக்க. கண்ணாடிக் குவளையோடு அமைச்சர்கள் சும்மா நிற்பார்கள், போய்ப் பேசலாம். கூட வேலை செய்கிறவரிடம் வீட்டோ தீர்மானம் பற்றிக் கேட்டேன். "அது நியூயார்க் ஆட்கள் வேலை. இங்கே பேச்செல்லாம் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம்தான்" என்றார். பெருமையும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. அந்த அலட்சியம்தான் அவர்கள் தூதருக்குக் கிடைத்திருக்கும் சுதந்திரம் போலிருக்கிறது. எந்தத் தொகுதி வாக்கும் இதில் போகாது.

பெண்களுக்கு நாட்டளவில் வாக்குரிமை 1984-இல்தான் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு உரிமை பாடம் நடத்துகிறார்கள் என்று ஒருவர் குத்தினார். குத்து நியாயம். இந்த ஏப்ரலில் பிரிகிட்டே ஹாஸ் முதல் பெண் பிரதமரானார். வெளியுறவும் இப்போது சபினே மொனாவ்னி என்ற பெண்ணிடம். 41 வருடத்தில் அவ்வளவு தூரம்.

ஆகஸ்ட் 17

தன்னாட்சி உரிமை பற்றி இவர்கள் ஏதாவது பேசியிருக்கிறார்களா என்று கேட்டவருக்கு: பேசியிருக்கிறார்கள், நமக்குத்தான் பரவலாகத் தெரியாது. 1990-களின் தொடக்கத்தில் நாட்டை ஆளும் இளவரசர் இரண்டாம் ஹான்ஸ்-ஆடம், நாடுகளுக்குள் உள்ள சமூகங்களுக்குப் படிப்படியாகத் தன்னாட்சி தரும் யோசனையை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனார். வரவேற்பு குளிர்ச்சியாக இருந்தது. சிறுபான்மை இல்லாத அரசு எது, பயப்படாத அரசு எது? 2000-இல் பிரின்ஸ்டனில் இதற்கென்று ஓர் ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தார். 2003 அரசியல் சட்டத்தில், நாட்டின் 11 ஊராட்சிகளில் எது விரும்பினாலும் பிரிந்து போகலாம் என்றே எழுதிவிட்டார்கள். யாரும் போகவில்லை. போய் எங்கே போவது, அடுத்த தெரு ஆஸ்திரியா.

ஊருக்கு உபதேசம் செய்வதைத் தன் வீட்டுச் சட்டத்திலும் எழுதிவைத்த அரசு என்பதால் எனக்கு இதில் ஒரு மரியாதை உண்டு. ஐ.நா.வில் அந்த யோசனை தூங்குகிறது என்பதும் உண்மை. நடைமுறை விதி மாதிரி இதைச் சிறிதாக வெட்டி உள்ளே நுழைக்க வழியில்லை.

ஆகஸ்ட் 20

கடைசியாக வந்த கேள்வி: ஆக்கிரமிப்புக் குற்றம் இப்போது எங்கே நிற்கிறது?

2018 ஜூலை 17 முதல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் பாதுகாப்புச் சபையே அனுப்பினாலன்றி, உறுப்பினரல்லாத நாட்டின் குடிமக்களைத் தொட முடியாது. அதனால்தான் உக்ரைன் படையெடுப்புக்காகப் புதினை அங்கே ஆக்கிரமிப்புக் குற்றத்தில் நிறுத்த வழியில்லை; ஐரோப்பிய மன்றத்தின் கீழ் தனித் தீர்ப்பாயம் அமைக்க இந்த ஜூன் 25 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஓட்டையை அடைக்க ஜூலையில் நியூயார்க்கில் உறுப்பு நாடுகள் சிறப்பாகக் கூடின. திருத்தம் நிறைவேறவில்லை, 2029-இல் மறுபடி பார்க்கலாம் என்று கலைந்தார்கள். 2012-இல் திரும்பப் பெற்ற வரைவுக்கும் 2022 தீர்மானத்துக்கும் நடுவே பத்து வருடம் போனது, அந்தக் கணக்கில் நான்கு வருடம் இவர்களுக்குப் பெரிதில்லை. படையெடுக்கப்பட்ட நாட்டில் இருப்பவருக்கு அது வேறு கணக்கு.